இடிந்த கோட்டையும் புல் மூடிய கொத்தளமும்

அவையில் கூடியிருக்கும் அன்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

1611, 1612 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சிறு படத்தொகுப்பு விற்பனைக்கு வந்தது. மொத்தம் 12 தாள்கள். ஒவ்வொன்றும் ஒரு கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய அளவு. வரைந்து, செப்புத் தகட்டில் கீறி, அச்சிட்டு விற்றவர் கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் 'இன்பமான இடங்கள்'. ஹார்லெம் நகரத்து மதிலுக்கு வெளியே நடந்துபோனால் கண்ணில் படுகிற இடங்கள்தான் அவை. முன்பக்கத்தில் நான்கு வரி டச்சுச் செய்யுள் ஒன்று. தூரப் பயணம் போக நேரமில்லாத ரசிகர்களே, ஹார்லெமைச் சுற்றியுள்ள இனிய இடங்களை இதிலேயே பார்த்துக்கொள்ளலாம், அதிகம் யோசிக்காமல் வாங்குங்கள் என்று அது அழைக்கிறது.

வாங்கியவர் என்ன பார்த்தார்? ஸாண்ட்ஃபோர்ட் கடற்கரையின் தீக்கம்பம். வழிப்போக்கர் தங்கும் விடுதிகள். லினன் துணியைப் புல்வெளியில் விரித்து வெளுக்கிற இடம். தொழுநோயாளர் இல்லம். மணல்மேடு, மரம், வண்டிப்பாதை. கடைசியில் ஒரு கோட்டை. முழுக் கோட்டை இல்லை. வெடிமருந்து வைத்துத் தகர்த்த பிறகு மிஞ்சிய சுவர்கள்.

இன்று நான் பேச வந்தது இந்தக் கடைசித் தாளைப் பற்றித்தான். இன்பமான இடங்கள் என்று பெயர் வைத்த தொகுப்புக்குள் போரில் தகர்ந்த கோட்டை ஏன் வருகிறது? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் உண்டு. அன்றைய டச்சுக்காரர்கள் ஐரோப்பாவே வந்து கற்றுக்கொண்ட கோட்டைக் கலைஞர்கள். அவர்கள் கட்டிய புதிய, வலுவான, உடையாத கோட்டைகள் நாடெங்கும் இருந்தன. இயற்கைக் காட்சி அச்சோவியத்தில் அவை ஏன் தலைகாட்டுவதே இல்லை?

முதலில் அந்த இடிபாட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் கிளேஃப். ஹார்லெமுக்கு வடக்கே இருந்த பழைய பிரபுக் குடும்பத்துக் கோட்டை மாளிகை. அன்று நெதர்லாந்து ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது, அந்த ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த நகரங்களில் ஹார்லெமும் ஒன்று. 1572 டிசம்பரில் ஸ்பெயின் மன்னரின் படை ஹார்லெமை முற்றுகையிட்டது. படைத் தலைவர் டான் ஃபத்ரீக்கே, ஸ்பெயின் மன்னருக்காக நெதர்லாந்தை ஆண்ட ஆல்பா கோமகனின் மகன். அவர் தங்கிப் படை நடத்திய இடம் இந்தக் கிளேஃப். ஹார்லெம் ஏழு மாதம் தாக்குப்பிடித்தது. மதில் பீரங்கியில் உடைந்தது. உடைந்த இடத்தை இரவோடிரவாக மக்கள் அடைத்தார்கள், ஆணும் பெண்ணுமாக. பக்கத்து ஏரி வழியே உணவு வந்துகொண்டிருந்தது. 1573 மே மாதக் கடைசியில் ஏரிச் சண்டையிலும் தோற்றார்கள், உணவு நின்றது. ஜூலையில் நகரம் சரணடைந்தது. கொள்ளையடிக்காமல் விடப் பெருந்தொகை கொடுத்தார்கள். காவற்படையினரை மட்டும் விடவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது ஸ்பானியர்கள் கிளேஃபை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எதிரி தங்கிய வீட்டை எதிரியே உடைத்துவிட்டுப் போனான்.

விஸ்ஸர் அதைக் கீறியபோது முற்றுகை முடிந்து 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பிறந்ததே முற்றுகைக்குப் பின்னால். ஆனால் அவர் கடைக்கு வந்தவர்களில் அறுபது வயதுக்காரர்களும் இருந்திருப்பார்கள். முற்றுகையில் பசித்துக் கிடந்தவர்கள், அண்ணனையோ அப்பாவையோ பறிகொடுத்தவர்கள். அவர்களுக்குக் கிளேஃப் வெறும் பழைய சுவர் இல்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 1609-ல் ஸ்பெயினோடு பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் கையெழுத்தானது. 1568-ல் தொடங்கிய போர் அப்போதுதான் முதல்முறையாக மூச்சுவிட்டது. நகர வாயிலைத் தாண்டி, துணைக்கு ஆள் இல்லாமல், மாலையில் நடந்துவிட்டுத் திரும்பலாம் என்ற நிலை வந்தது. டச்சு இயற்கைக் காட்சி அச்சோவியத்தின் பொற்காலம் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் தொடங்குகிறது. அது தற்செயல் என்று நான் நம்பவில்லை. எசையாஸ் வான் டெ வெல்டெ, அவருடைய உறவினர் யான் வான் டெ வெல்டெ, வில்லெம் பௌதவெக் என்று ஹார்லெமில் ஓர் இளைஞர் கூட்டமே செப்புத் தகட்டைக் கையில் எடுத்தது. யான் வான் டெ வெல்டெ 1615, 1616-ல் ஒரு பெருந்தொகுப்பு வெளியிட்டார். அதன் லத்தீன் தலைப்பின் பொருளே 'மிக இனிய சிற்றூர்ப் புறங்களும் பழங்காலச் சின்னங்களின் இடிபாடுகளும்' என்பதுதான். இனிமையும் இடிபாடும் ஒரே தலைப்பில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன.

எட்சிங் என்ற இந்தக் கலைமுறையைப் பற்றி இரண்டு வார்த்தை. செப்புத் தகட்டின்மேல் மெழுகு பூசுவார்கள். கூரிய ஊசியால் அதன்மேல் வரைவார்கள். பிறகு அமிலத்தில் இடுவார்கள். ஊசி கீறிய இடத்தில் மட்டும் அமிலம் செம்பை அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை தேய்த்துத் தாளில் அழுத்தினால் படம். உளி பிடித்துச் செதுக்குவதைவிடக் கை விடுதலையாக ஓடும். ஒரு தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான தாள்கள் எடுக்கலாம். எண்ணெய் வண்ண ஓவியம் வாங்க முடியாதவரும் இதை வாங்கலாம். ஆகவே இந்தப் படங்கள் ஓர் அரசரோ திருச்சபையோ கேட்டு வரைந்தவை அல்ல. கடைக்காரரும் நெசவாளரும் பள்ளி ஆசிரியரும் தங்கள் காசில் வாங்கிப் போனவை. ஒரு சமுதாயம் தன் நிலத்தை எப்படிப் பார்க்க விரும்பியது என்பதற்கு இவற்றைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

சரி, இடிந்த கோட்டைக்கு என்ன பொருள்? கலை வரலாற்றாளர்களிடம் வழக்கமாக ஒரு விடை உண்டு: நிலையாமை. கல்லும் கரையும், பிரபுவும் போவார், எல்லாம் மாயை. அன்றைய டச்சுக் கலையில் மண்டையோடும் மணற்கடிகையும் நிறைய வருவதால் இடிபாட்டையும் அதோடு சேர்த்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார், பொருளே தேடாதீர்கள், கண்ணுக்கு அழகாக இருந்தது, வரைந்தார்கள் என்கிறார்கள்.

எனக்கு இரண்டிலுமே நிறைவில்லை. நிலையாமையைக் காட்ட எந்த இடிபாடும் போதும். ரோமாபுரி இடிபாடுகளை வரைந்து விற்பவர்கள் அன்று ஏராளம். விஸ்ஸர் உள்ளூர்க் கோட்டையை, பெயர் சொல்லி, எல்லோருக்கும் கதை தெரிந்த கோட்டையை எடுக்கிறார். வெறும் அழகு என்றும் தள்ள முடியவில்லை. ஏனென்றால் இது வரிசைப்படுத்திய தொகுப்பு, ஒரு நடைப்பயணம். கடலோரத்தில் தீக்கம்பத்தில் தொடங்குகிறது. கப்பலுக்கு வழிகாட்டுவதும் பகை வந்தால் எச்சரிப்பதும் கடலோரக் காவலின் வேலை. விழித்திருக்கும் காவலில் தொடங்கும் நடை, விடுதியில் இளைப்பாறி, வெளுக்கும் துணிகளையும் உழவர் வீடுகளையும் கடந்து, கிளேஃபில் வந்து நிற்கிறது. இந்த அமைதி எங்கிருந்து வந்தது, என்ன விலையில் வந்தது என்பதை அந்தக் கடைசித் தாள் சொல்கிறது. நான் அதைத் துக்கப் படமாகப் பார்க்கவில்லை. எதிரியின் பாசறை இன்று ஆடு மேயத்தக்க இடமாகிவிட்டது என்ற நிம்மதியும், அந்த எதிரி மறுபடி வரலாம் என்ற நினைப்பும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. போர்நிறுத்தத்துக்குக் கெடு பன்னிரண்டு ஆண்டுதான் என்பது வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

விஸ்ஸர் இதையெல்லாம் யோசித்துச் செய்தாரா என்று கேட்கலாம். 1612-ல் அவர் செய்த இன்னொரு காரியத்தைப் பாருங்கள். ஆண்ட்வெர்ப்பில் ஹீரோனிமுஸ் கோக் என்ற பதிப்பாளர் 1559, 1561-ல் வெளியிட்டிருந்த, தெற்கே உள்ள பிரபாந்த் பகுதியின் நாட்டுப்புறக் காட்சிகளைத் தேடியெடுத்து, தானே திரும்பக் கீறி வெளியிட்டார். ஊர்த் தெரு, பண்ணை வீடு, அகழி சூழ்ந்த சிறு மாளிகைகள். போருக்கு முந்திய காட்சிகள் அவை. கோக் அச்சிட்டபோது அந்த ஊர்கள் முழுசாக இருந்தன. விஸ்ஸர் அச்சிட்டபோது பிரபாந்தின் நாட்டுப்புறம் பல பத்தாண்டுப் போரில் நைந்து கிடந்தது, பெரும்பகுதி ஸ்பெயின் பக்கம் போய்விட்டது. அங்கிருந்து ஓடிவந்த பல்லாயிரம் பேர் ஹார்லெமிலும் ஆம்ஸ்டர்டாமிலும் குடியேறியிருந்தார்கள். அவர்கள் ஊரை அவர்களுக்கே அவர் விற்றார். அடுத்தடுத்து வந்த இந்த இரண்டு தொகுப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இழந்த தெற்கில் கோட்டை முழுசாக நிற்கிறது, மீண்ட வடக்கில் கோட்டை இடிந்து நிற்கிறது. இது என் வாசிப்பு, ஆனால் படங்களே கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போகின்றன.

இனி மற்ற இடிபாடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே பொருள் இல்லை என்பது முக்கியம், ஏனென்றால் எல்லாவற்றையும் இடித்தவர் ஒருவர் இல்லை.

ஹார்லெமுக்கு வடக்கே ஸாண்ட்பூர்ட் என்ற ஊர்ப் பக்கம் (முன்பு சொன்ன ஸாண்ட்ஃபோர்ட் கடற்கரை வேறு) பிரேடரோடே கோட்டை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்தது. ஹாலந்துப் பிரபுக்களின் உட்சண்டையில் இருமுறை சிதைந்தது. 1573-ல் ஸ்பானியப் படையாட்கள் கொளுத்தினார்கள். ஹென்ட்ரிக் கோல்ட்சியுஸ் 1600-ல் அதன் இடிபாட்டை வரைந்திருக்கிறார். வெற்றுச் சுவர்தான், ஆனால் அது ஹென்ட்ரிக் வான் பிரேடரோடேயின் குடும்பக் கோட்டை. 1566-ல் பிரசல்ஸில் ஸ்பெயின் ஆட்சியின் முன் நின்று, சமயக் கொடுமையை நிறுத்துங்கள் என்று பிரபுக்கள் மனுக் கொடுத்தார்களே, அந்தக் கூட்டத்தின் தலைவர் அவர். அந்த இடிபாட்டைப் பார்க்கிற ஹார்லெம்காரருக்குக் கிளர்ச்சியின் முதல் நாள் நினைவுக்கு வரும்.

எக்மோண்ட் கோட்டை வேறு கதை. 1568 ஜூனில் பிரசல்ஸ் சதுக்கத்தில் ஆல்பா தலையை வெட்டிய எக்மோண்ட் பிரபுவின் குடும்பச் சொத்து. ஸ்பெயின் செய்த கொலையால் தியாகியானவரின் வீடு. ஆனால் அதை எரித்தது ஸ்பெயின் இல்லை. 1573-ல் கிளர்ச்சியின் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் தரப்புத் தளபதி டீட்ரிக் சோனாய் எரித்தார். எதிரி பிடித்துக்கொண்டு அதற்குள் ஒளியக்கூடாது என்பதற்காக. பக்கத்தில் இருந்த பழம்பெரும் மடத்துக்கும் அதே கதி. தன் தரப்பு வீரனின் வீட்டைத் தன் தரப்பே கொளுத்த வேண்டியிருந்தது. எக்மோண்ட் இடிபாடு டச்சுக் கலையில் திரும்பத் திரும்ப வருகிறது, யாக்கோப் வான் ரௌஸ்தால் வரை. பழியை யார்மேலும் எளிதாகப் போட முடியாத இடிபாடு அது. அந்தச் சுவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கிளேஃபைவிடக் கனமாக இருக்கிறது.

ஹெர்குலஸ் சேகர்ஸ் என்ற தனிப்போக்குக் கலைஞர் ரெய்ன்ஸ்புர்க் மடத்தின் இடிபாட்டை அச்சிட்டார். கோட்டை இல்லைதான், லைடன் முற்றுகைக் காலத்தில் பாழான மடம். கருமையான தாளில் மஞ்சள் மையால் அச்சிட்ட பிரதிகள் உண்டு. செங்கல் ஒவ்வொன்றும் இருட்டிலிருந்து வெளிச்சமாக எழுந்து வரும். இதைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை.

இன்னும் பழைய கோட்டை ஒன்றும் அச்சேறியது. கட்வெய்க் கடற்கரைக்கு வெளியே, கடலுக்குள், ரோமானியக் கோட்டை ஒன்றின் அடித்தளம் கிடந்தது. பிரிட்டன்புர்க் என்பார்கள். கடல் மிகவும் உள்வாங்கும்போது வெளியே தெரியும், 1520-லும் 1562-லும் அப்படித் தெரிந்தது. நிலப்படக்காரர் ஆபிரகாம் ஆர்த்தேலியஸ் அதன் படத்தை அச்சில் வெளியிட்டார். அது ஏன் மக்களைக் கவர்ந்தது? ரோமை எதிர்த்து கி.பி. 69-ல் எழுந்த பட்டாவியர் என்ற பழங்குடியினரின் வழிவந்தவர்கள் நாங்கள் என்று டச்சுக்காரர்கள் சொல்லிக்கொள்ளத் தொடங்கிய காலம் அது. சட்ட அறிஞர் ஹியூகோ க்ரோஷியஸ் 1610-ல் இதை வைத்தே தங்கள் குடியரசின் பழமையை நிறுவி நூல் எழுதினார். ஆக, ரோமாபுரிக் கோட்டை கடலுக்குள், ஸ்பானியர் தங்கிய கோட்டை புதருக்குள். பேரரசுகளின் சுவர்கள் இந்த மண்ணில் நிற்காது என்று பார்ப்பவர் மனத்தில் ஓடுவதற்கு ஒரு வரி விளக்கம்கூடத் தேவைப்படவில்லை.

இப்போது என் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

உயர்ந்த கல் மதிலும் கோபுரமும் பீரங்கிக்கு நல்ல இலக்கு. குண்டு பட்டால் கல் சிதறும். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியர்கள் தாழ்வான, முனை நீட்டிய கொத்தளங்களை வைத்துப் புதிய கோட்டையை வடிவமைத்தார்கள். டச்சுக்காரர்களிடம் கல்லும் குறைவு, பணமும் குறைவு, அவசரமோ அதிகம். ஆனால் மண்ணும் நீரும் தாராளம். ஆகவே மண்ணைக் குவித்துத் தாழ்வான அகன்ற மதில் எழுப்பினார்கள், அதன் முன்னே அகன்ற நீர் அகழி வெட்டினார்கள். குண்டு வந்தால் மண்ணில் புதையும், மதில் சரியாது. மண் கரையாமல் இருக்கப் புல் வளர்த்தார்கள். 1583-ல் வில்லெம்ஸ்டாட், 1593-ல் பௌர்டாங்கே என்று இப்படி எழுந்தன. சைமன் ஸ்டெவின் 1594-ல் கோட்டை கட்டும் கலை பற்றி டச்சு மொழியிலேயே நூல் எழுதினார். 1600-ல் லைடனில் பொறியாளர்களுக்கு மக்கள் மொழியில் பாடம் சொல்லும் பள்ளி அவர் வகுத்த பாடத்திட்டத்தில் தொடங்கியது. இயற்கைக் காட்சி அச்சோவியங்கள் வெளியிட்ட ஹென்ட்ரிக் ஹோண்டியுஸே 1624-ல் கோட்டைக் கணிதம் பற்றி ஒரு கையேடு வெளியிட்டார்.

இந்தப் புதுக் கோட்டையை வானத்திலிருந்து பார்த்தால் விண்மீன் போல முனை முனையாக, கணக்குப் பிசகாமல், கண்ணைப் பறிக்கும். பாதையில் நடந்துபோகிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? ஒரு பசும்புல் மேடு. அதன் முன் கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான். தெரியாமல் இருப்பதுதான் அதன் வலிமை. எட்ட இருந்தே பார்க்க முடிந்தால் எட்ட இருந்தே சுட்டுவிடலாமே!

ஆகவே டச்சு நிலத்தில் ஒரு விசித்திரமான நிலை. கண்ணுக்கு உயரமாகத் தெரிகிற கோட்டை எதற்கும் பயன்படாது. பயன்படுகிற கோட்டை கண்ணுக்குத் தெரியாது. நடப்பவனின் கண் மட்டத்திலிருந்து வரைந்த இயற்கைக் காட்சியில் முதல் வகைதான் வர முடியும். இரண்டாவதை வரைய வேறொரு படவகை வேண்டியிருந்தது. அதுதான் முற்றுகை நிலப்படம், செய்தித்தாள் போல அன்றைக்கு விற்ற தாள். 1629-ல் டச்சுப் படைத் தலைவர் ஃப்ரெடெரிக் ஹென்ட்ரிக், ஸ்பெயின் வசமிருந்த ஸ்ஹெர்டோகன்போஸ் நகரத்தை வளைத்தபோது, சதுப்பு நிலத்தில் சுமார் 40 கிலோமீட்டருக்கு மண்கரை எழுப்பி, ஆற்றைத் திருப்பி, காற்றாலை வைத்து நீரை இறைத்தார். அந்த அதிசயத்தை மக்கள் படமாக வாங்கிப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட படங்களை ஆம்ஸ்டர்டாம் கால்வர் தெருவில் விற்றவர்களில் ஒருவர் யார்? நம்முடைய விஸ்ஸர்தான்.

ஒரே கடை. ஒரே மேசை. ஒரு பக்கம் விண்மீன் வடிவக் கோட்டைகளும் பீரங்கி வரிசைகளும் வானிலிருந்து பார்த்த பார்வையில். இன்னொரு பக்கம் இடிந்த சுவரும் வெளுக்கும் துணியும், நடப்பவன் கண் மட்டத்தில். வாங்குபவர் இரண்டையும் அறிந்தவர். இயற்கைக் காட்சியின் அமைதி எதன் தயவில் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும், அதைப் படத்துக்குள் வைத்துக் காட்ட வேண்டிய தேவையில்லை. படத்தில் இல்லாத கொத்தளம்தான் படத்தைக் காக்கிறது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இன்றைக்கு இவ்வளவு தூரம் பேசுகிறேன்.

ரெம்பிராண்ட் இதை உணர்ந்தவர் என்று எனக்குத் தோன்றுகிறது. 1641-ல் அவர் கீறிய 'காற்றாலை' என்ற எட்சிங்கைப் பலர் பார்த்திருப்பீர்கள். பழைய மரக் காற்றாலை, பக்கத்தில் ஒரு குடில், வெட்டவெளி. நாட்டுப்புறம் என்றே நினைக்கத் தோன்றும். அது ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் மேற்குக் கோட்டைச் சுவரில் ஒரு கொத்தளத்தின் மேல் நின்ற ஆலை. தோல் பதனிடுவோர் சங்கத்துக்குச் சொந்தம். தோலை மிருதுவாக்க மீனெண்ணெய் பயன்படுத்தியதால் சுற்று வட்டாரமே நாறும், ஊரார் அதை நாற்ற ஆலை என்றே அழைத்தார்கள். கொத்தளம் உயர்ந்த இடம், காற்று தடையில்லாமல் வீசும், ஆகவே ஆலைக்காரர்கள் அதன்மேல் ஏறிக்கொண்டார்கள். போருக்குக் கட்டியது பிழைப்புக்கு உதவியது. ரெம்பிராண்ட் ஆலையின் ஒவ்வொரு பலகையையும் கயிற்றையும் அன்போடு கீறுகிறார். பீரங்கியோ காவலோ எங்கும் இல்லை. கோட்டையின் மேலேயே நின்று கோட்டையைக் காட்டாமல் வரைந்த படம் அது.

அவரே மொண்டெல்பான் கோபுரத்தையும் வரைந்திருக்கிறார். அச்சோவியம் இல்லை, கோட்டோவியம். 1516-ல் ஆம்ஸ்டர்டாமின் காவல் கோபுரமாக எழுந்தது. நகரம் அதைத் தாண்டி வளர்ந்த பிறகு, 1606-ல் அதன் தலையில் அழகான கூம்பும் மணியும் வைத்தார்கள். 1640-களில் ரெம்பிராண்ட் வரையும்போது அந்தக் கூம்பு கண் முன்னே இருந்தது. அவர் அதை வரையவில்லை. பழைய மொட்டைக் காவல் கோபுரமாகவே வரைந்தார். கண்ணில் பட்டதை அப்படியே எழுதினார்கள் டச்சுக் கலைஞர்கள் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு தாளைக் காட்டினால் போதும்.

கோட்டை இல்லையென்றால் நாட்டின் காவலுக்கு என்ன குறியீடு வைத்தார்கள் என்று கேட்பீர்கள். ஒரு வேலி! மூங்கில் படல் மாதிரி, கழிகளைப் பின்னிக் கட்டிய சாதாரணத் தோட்ட வேலி. அதற்குள் ஹாலந்துக் கன்னி உட்கார்ந்திருப்பாள், அருகே சிங்கம். நாணயத்திலும் முத்திரையிலும் அச்சோவியத்திலும் இது திரும்பத் திரும்ப வரும். 1615 வாக்கில் பௌதவெக் கீறிய ஒரு பெரிய தாள், ஸ்பெயினின் வஞ்சகத்தையும் நெதர்லாந்தின் செழிப்பையும் பற்றியது. வேலிக்குள் கன்னி, வெளியே நட்பு முகம் காட்டி வருகிற ஸ்பெயின். அமைதியாக நாட்டுப்புறம் வரைந்த அதே பௌதவெக்தான் இதையும் செய்தார். விஸ்ஸர் 1611-ல் வெளியிட்ட சிங்க வடிவ நாட்டுப்படத்தில் போர் ஓர் ஆளாக உருவெடுத்துக் கீழே தூங்குகிறது. தூங்குகிறதே ஒழியச் சாகவில்லை. பேரரசுகளுக்குக் கல் கோட்டை, எங்களுக்குக் கழி வேலியும் விழித்த கண்ணும் போதும் என்ற பெருமிதம் இவற்றில் பளிச்சென்று தெரிகிறது.

வேலிக்கு அடுத்தது நீர். 1574-ல் லைடனைக் காப்பாற்றியது மதில் இல்லை. கரைகளை வெட்டிக் கடலையும் ஆற்றையும் வயலுக்குள் விட்டார்கள், தட்டைப் படகுகள் வயல்மேல் மிதந்து வந்து அக்டோபர் 3-ல் நகரத்தை மீட்டன. அதற்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு வாய்க்கால், ஒரு கரை, ஒரு மதகு எதையும் வெறும் பாசன வசதி என்று பார்க்க முடியாது. இயற்கைக் காட்சி அச்சோவியங்களில் வரும் கரைமேட்டுப் பாதைகளை இந்த நினைப்போடு பாருங்கள். அவை எல்லாமே நீரரண்கள்.

1621-ல் போர்நிறுத்தம் முடிந்தது, போர் மீண்டது, 1648-ல் மூன்ஸ்டர் உடன்படிக்கையோடு ஒருவழியாக ஓய்ந்தது. முடிவுக்குச் சற்று முன், 1646, 1647-ல் ரூலாண்ட் ரோக்மன் என்ற இளம் ஓவியர் ஹாலந்து, உட்ரெக்ட், கெல்டர்லாந்துப் பகுதிகளில் சுற்றி 240-க்கும் மேற்பட்ட கோட்டை மாளிகைப் படங்களை வரைந்தார். முழுசானவை, பாதி இடிந்தவை, தரைமட்டமானவை எல்லாம் அதில் உண்டு. அவற்றில் குறியீடு தேட வேண்டியதில்லை. மறைவதற்கு முன் பதிவுசெய்துவிட வேண்டும் என்ற கவலை தெரிகிறது, அது போதும்.

முடிக்குமுன் நம் கரைக்கு வருகிறேன். 1658 ஜூனில் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். போர்த்துக்கீசியர் கட்டியிருந்த சதுரக் கோட்டையை மாற்றி, ஐந்து கொத்தளம் கொண்ட கோட்டையாகக் கட்டினார்கள். நான் இவ்வளவு நேரம் சொன்ன அதே தாழ்வான, முனை நீட்டிய வடிவம். கொத்தளங்களுக்குத் தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். அங்கே போதகராக இருந்த பிலிப்பஸ் பால்டேயஸ் நாடு திரும்பி எழுதிய பெருநூல் 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை பற்றிய நூல். யாழ்ப்பாணக் கோட்டை அதில் செப்புத் தகட்டுப் படமாக இருக்கிறது. தெல்லிப்பழை, மல்லாகம் போன்ற ஊர்த் தேவாலயங்களும் இருக்கின்றன.

அந்தப் படங்களையும் 'இன்பமான இடங்கள்' தொகுப்பையும் அருகருகே வைத்தால் வேறுபாடு முகத்தில் அடிக்கும். தாய்நாட்டில் கோட்டையை மறைத்து நிலத்தைக் காட்டிய அச்சுக்கலை, இங்கே கோட்டையை முன்னே வைத்து நிலத்தைப் பின்னே தள்ளுகிறது. அங்கே இடிந்த கோட்டை வெளியார் ஆட்சி முடிந்ததன் அடையாளம். இங்கே நிற்கும் கோட்டை வெளியார் ஆட்சி வந்ததன் அடையாளம், கட்டியவர்களோ அதே வேலிக்குள் சிங்கத்தை வைத்துச் சுதந்திரம் பாடியவர்கள். அந்த 1672-ம் ஆண்டிலேதான் பிரெஞ்சு மன்னரின் படை நெதர்லாந்துக்குள் புகுந்தது. நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஹாலந்து மாகாணத்தைக் காக்க மறுபடியும் கரைகளை வெட்டி, தங்கள் வயல்களையே நீரில் மூழ்கடித்தார்கள். பால்டேயஸின் நூலைப் புதிதாக வாங்கிய ஆம்ஸ்டர்டாம்காரர், யாழ்ப்பாணக் கொத்தளங்களின் படத்தைப் புரட்டிய நாட்களில், தன் நகருக்குத் தெற்கே நிலமெல்லாம் வெள்ளமாக நிற்பதை அறிந்தே புரட்டியிருப்பார்.

ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் தன் அச்சோவியங்களைப் பெரிய அளவில் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. விஸ்ஸரின் பன்னிரண்டு தாள்களையும் வரிசை கலையாமல் பாருங்கள். பிறகு அவருடைய முற்றுகைப் படங்களைப் பாருங்கள். என் வாசிப்பில் ஒப்பாதது எங்கே என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதைக் கேட்கவே காத்திருக்கிறேன். கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது என்று அமைப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.